ஐல் ஆஃப் வைட்: நாலு ராத்திரியும் ஒரு அடுக்களையும்

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரம் கோடிங் கிடையாது, இன்டர்வியூ டிப்ஸ் கிடையாது. ஒரு ட்ரிப் கதை. "இங்கிலாந்துக்கு அப்பா அம்மா வர்றாங்க, எங்க கூட்டிட்டுப் போறது?"னு நிறைய பேர் மெசேஜ் பண்ணியிருந்தீங்க. அதுக்குப் பதில் இதுல இருக்கு. ஆனா நான் அந்த ட்ரிப்புக்குப் போன காரணம் வேற. அதையும் சொல்லிடுறேன். சொல்லணுமா வேண்டாமான்னு ரெண்டு வாரம் யோசிச்சேன்.

முதல்ல பின்னணி. நான் ரெடிங்ல இருக்கேன், சாஃப்ட்வேர் வேலை. ஊர் திருச்செந்தூர். அப்பா மின்வாரியத்துல ஃபோர்மேனா இருந்து ரிட்டையர் ஆனவர். அம்மா வீட்டைப் பாத்துக்கிட்டவங்க. அப்பாவுக்கு ரிட்டையர்மென்ட் பணம் வந்ததும் அவர் செஞ்ச முதல் வேலை, எங்க வீட்டுக்கு மேல ஒரு மாடி கட்டினது. ரெண்டு பெட்ரூம், தனி அடுக்களை, வெளியில இருந்து தனிப் படிக்கட்டு, தனி ஈபி கனெக்‌ஷன். யாருக்குன்னு அவர் சொல்லவே இல்ல. சொல்ல வேண்டியதும் இல்ல. எனக்குத்தான்.

அந்த மாடியோட டைல்ஸ் வாங்கப் போனப்ப வாட்ஸ்அப்ல நாலு போட்டோ அனுப்பி, "எது?"ன்னு கேட்டார். நான் அப்ப ஸ்டாண்ட்அப் மீட்டிங்ல இருந்தேன். மூணாவது போட்டோவுக்குத் தம்ஸ்அப் போட்டேன். அவ்வளவுதான். அந்தக் கலர்தான் இப்ப மேல தரை.

ஆனா அதுக்கு முன்னாடியே நான் முடிவு எடுத்திருந்தேன். இங்கயே நிரந்தரமா தங்குறதுக்கு டிசம்பர்ல விண்ணப்பம் போடப் போறேன். அதை வீட்ல சொல்லல. போன்ல சொல்ற விஷயம் இல்லன்னு எனக்கு நானே ஒரு சாக்கு வெச்சிருந்தேன். அவங்க விசிட்டர் விசால வந்ததும் அந்தச் சாக்கும் போச்சு. அப்பதான் புக் பண்ணேன்: செப்டம்பர் கடைசி, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், நாலு ராத்திரி, கடலோர அபார்ட்மென்ட். நிம்மதியா உக்காந்து சொல்லிடலாம்னு.

செல்ஃப் கேட்டரிங்னா என்ன?

ஹோட்டல் கிடையாது. சமையலறையோட ஒரு முழு வீட்டை வாடகைக்குத் தருவாங்க. ரூம் சர்வீஸ் இல்ல, காலைச் சாப்பாடு இல்ல, தினம் வந்து படுக்கை மாத்திப் போட ஆள் இல்ல. கதவு பக்கத்துல ஒரு சின்னப் பெட்டி, அதுல நம்பர் அடிச்சா சாவி. சாயங்காலம் 4 மணிக்கு மேல உள்ள போகலாம், கிளம்புற நாள் காலை 10 மணிக்குள்ள காலி பண்ணணும். சீசன்ல முழு வாரமாத்தான் குடுப்பாங்க. கூட்டம் குறைஞ்சதும் திங்கள் டு வெள்ளி, வெள்ளி டு திங்கள்னு உடைச்சுக் குடுப்பாங்க. ஸ்கூல் லீவு இல்லாத வாரமாப் பாத்தா விலை நல்லாவே இறங்கும்.

புக் பண்றதுக்கு முன்னாடி மூணு விஷயம் பாத்துக்கோங்க. ஒண்ணு, பெட்ஷீட்டும் துண்டும் அவங்க குடுப்பாங்களா. ரெண்டு, எத்தனையாவது மாடி, லிஃப்ட் இருக்கா. பழைய கட்டடங்கள், படிக்கட்டு செங்குத்தா இருக்கும், அம்மாமாருக்கு முட்டிவலி. மூணு, அடுப்பு கேஸா, இண்டக்‌ஷனா. இண்டக்‌ஷன்னா நீங்க ஆசையா தூக்கிட்டுப் போற அலுமினிய வாணலி வேலைக்கு ஆகாது.

எங்க அம்மா எதைத் தூக்கிட்டு வந்தாங்கன்னு கேளுங்க. புளி, வத்தப்பொடி, மஞ்சப்பொடி, பெருங்காயம், அரிசி மூணு கிலோ, தேங்காய்ப்பால் டின் ரெண்டு, ஒரு இட்லிப் பானை. "ஏம்மா, அங்க கடை இருக்கும்மா"ன்னேன். "கடை இருக்கும், அப்பாவுக்கு வயிறு இருக்காண்டாமா?"ன்னுட்டாங்க. அப்பாவுக்கு சுகர். வெளிச் சாப்பாடு ரெண்டு வேளைக்கு மேல தாங்காது. ஹோட்டலுக்குப் பதிலா இந்த மாதிரி வீடு எடுத்ததுக்கு அதுதான் காரணம்.

கடலுக்குள்ள ஓடுற ரயில்

ஐல் ஆஃப் வைட் இங்கிலாந்தோட தெற்குக் கரைக்குப் பக்கத்துல இருக்கிற தீவு. சுமார் 380 சதுர கிலோமீட்டர், மக்கள் ஏறக்குறைய 1,40,000 பேர். நடுவுல இருக்கிற கடலுக்குப் பேரு சோலன்ட். பாலமும் கிடையாது, சுரங்கமும் கிடையாது. படகுதான். சவுதாம்டன்ல இருந்து போகலாம், லிமிங்டன்ல இருந்து போகலாம், போர்ட்ஸ்மத்ல இருந்து போகலாம். சவுத்ஸீல இருந்து ரைடுக்கு ஹோவர்கிராஃப்ட் கூட இருக்கு, 10 நிமிஷத்துல கொண்டு போய் விட்டுரும். காரைக் கப்பல்ல ஏத்துறது செலவு. எங்களை மாதிரி கார் இல்லாம நடந்து ஏறினா குறையும்.

நாங்க ரெடிங்ல இருந்து பேசிங்ஸ்டோக்ல மாறி, போர்ட்ஸ்மத் ஹார்பர் ஸ்டேஷன். இறங்கினா அங்கயே படகு. 20 நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேல. இறங்குற இடம் ரைடு பியர், 1814-ல திறந்தது, கடலுக்குள்ள சுமார் 700 மீட்டர் நீளம். ஏன் அவ்வளவு நீளம்னா, வத்துன நேரத்துல அங்க தண்ணி ரொம்ப தூரம் உள்வாங்கிரும், வெறும் ஈர மணல்தான். படகு கரைக்கு வர முடியாது. அதனால கரையைப் படகுகிட்ட கொண்டு போயிட்டாங்க.

அந்தப் பாலத்து மேலயே ரயில் வந்து நிக்குது. அதுவும் லண்டன் அண்டர்கிரவுண்ட்ல ஓடிக் கழிச்ச பெட்டிகளை மாத்திச் செஞ்சது. அதுக்கு முன்னாடி ஓடினது 1938 மாடல் அண்டர்கிரவுண்ட் பெட்டிகள், 2021 ஜனவரி வரைக்கும் ஓடிச்சு! ரைடுல ஒரு சுரங்கம், அதோட உயரம் கம்மி, சாதாரண ரயில் நுழையாது. அதனால குள்ளமான லண்டன் பெட்டி. இதை நான் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். திருச்செந்தூர்ல உப்புக் காத்து இன்சுலேட்டர்ல படிஞ்சு ட்ரிப் ஆகும், அதைக் கழுவியே பாதி சர்வீஸ் போச்சுன்னு சொல்வார். அவர் பியர்ல நின்னு கடலைப் பாக்கல. குனிஞ்சு தண்டவாளத்து போல்ட்டைப் பாத்துட்டு இருந்தார்.

இறங்கினது சான்டவுன். வீடு ரெண்டாவது மாடி, கடலைப் பாத்து. ஒரு பெட்ரூம். அதுக்கு வெளிய ஹாலும் அடுக்களையும் ஒண்ணு, நடுவுல சுவர் கிடையாது. சோஃபாவை விரிச்சா கட்டில், அது எனக்கு. அம்மா முதல்ல எல்லா அலமாரியையும் திறந்து பாத்தாங்க. நாலு தட்டு, நாலு கிண்ணம், டீ டம்ளர், ஒரு கெட்டில், ஒரு டோஸ்டர். ஒரே ஒரு அலமாரி பூட்டியிருந்துச்சு. "இதுல என்ன?"ன்னாங்க. வீட்டுக்காரங்க தங்களோட சாமானை வெச்சுப் பூட்டிக்கிற அலமாரி, இங்க வழக்கம்னு சொன்னேன். அப்பா அதைக் கேட்டுட்டு ஒண்ணும் சொல்லல.

மேசை மேல ஒரு ஃபைல். வைஃபை, குப்பை எந்தக் கிழமை, கீசர் எப்படிப் போடுறது, பக்கத்து டாக்டர் எங்க, கடல்புறா சாப்பாட்டைப் பிடுங்கும், ஜாக்கிரதை, எல்லாம் எழுதி பிளாஸ்டிக் உறை போட்டு வெச்சிருந்தாங்க. அப்பா கண்ணாடியை மாட்டிக்கிட்டு முதல் பக்கத்துல இருந்து படிக்க ஆரம்பிச்சார்.

அன்னைக்கு ராத்திரி சொல்லிடலாம்னு நினைச்சேன். ரசம் வெச்சாங்க. மழை பெஞ்சுது. சொல்லல.

ஆஸ்போர்ன்

செவ்வாய்க்கிழமை ஆஸ்போர்ன் ஹவுஸ். விக்டோரியா ராணியோட தீவு வீடு, 1901 ஜனவரில அவங்க இறந்தது அங்கதான். உள்ள தர்பார் ரூம்னு ஒரு ஹால் இருக்கு. பஞ்சாப்ல இருந்து வந்த பாய் ராம் சிங்னு ஒரு கைவினைஞர், ரட்யார்ட் கிப்ளிங்கோட அப்பா லாக்வுட் கிப்ளிங்கோட சேர்ந்து வடிவமைச்சது. மேற்கூரை முழுக்க வெள்ளைச் சுதை வேலை. இவ்வளவும் செஞ்சும் அந்த ராணி இந்தியாவுக்கு ஒரு தடவை கூட வந்ததில்ல.

அதுக்கு வெளிய இருக்கிற நடையில ரூடால்ஃப் ஸ்வோபோடா வரைஞ்ச இந்தியர்களோட ஓவியங்கள். நெசவாளி, குயவர், சின்னப் பையன். 1886-ல லண்டன்ல நடந்த காலனி கண்காட்சிக்குக் கூட்டிட்டு வரப்பட்டவங்க சில பேர் அதுல இருக்காங்க. ஆக்ரா ஜெயில்ல தொழில் கத்துக்கிட்ட கைதிகள். அம்மா மத்த எல்லாத்தையும் சீக்கிரம் பாத்துட்டு, அங்க மட்டும் நின்னுட்டாங்க.

"இவங்க எல்லாம் ஊருக்குத் திரும்பிப் போனாங்களாய்யா?"

நான் பாட்டிலைத் திறந்து தண்ணி குடிச்சேன். அன்னைக்கும் சொல்லல.

மீன் பொரிச்ச ராத்திரி

புதன்கிழமை வென்ட்னர் போனோம். செங்குத்தான மேடு, அதுல படிப்படியா வீடுகள், கீழ கடல். வடக்குக் காத்தை மேடு தடுத்துடும், அதனால குளிர் கம்மி. 19-ஆம் நூற்றாண்டுல காசநோய்க்காரங்களுக்குன்னே அங்க ஒரு பெரிய மருத்துவமனை கட்டினாங்க. அது 1960கள்ல மூடியாச்சு. இப்ப அந்த இடத்துல தாவரவியல் தோட்டம்.

கீழ சின்ன துறைமுகத்துல மீன் வாங்கினோம். மேக்கரெல். நம்ம ஊர் அயலைக்கு ஒண்ணுவிட்ட தம்பி. செவ்வாயும் வெள்ளியும் எங்க வீட்ல மீன் கிடையாது, அதனால புதன்கிழமைக்காக அம்மா காத்துட்டு இருந்தாங்க. பாதி குழம்பு, பாதி பொரியல்.

இங்க ஒரு சின்ன டெக்னிக்கல் பாயிண்ட். தனி அடுக்களைனா அங்க பெரும்பாலும் சூட்டைக் கண்டுபிடிக்கிற அலாரம் வைப்பாங்க, புகைக்கு அடிக்காது. ஹாலும் அடுக்களையும் ஒண்ணா இருக்கிற வீட்ல ஹால் பக்கம் புகை அலாரம் இருக்கும். தாளிச்சாப் போதும், கத்தும். எங்க வீட்ல நாலாவது மீன் எண்ணெயில விழுந்தப்ப கத்துச்சு. அம்மா கரண்டியோட உறைஞ்சு நின்னுட்டாங்க. நான் ஜன்னலைத் திறந்தேன். அப்பா நாற்காலி மேல ஏறி பட்டனை அமுக்கி நிறுத்தினார். நிறுத்திட்டு இறங்கல. நாற்காலி மேலயே நின்னு அதைத் திருப்பித் திருப்பிப் பாத்தார்.

"ஏல, இது மெயின்ஸ்ல இருந்து போட்டிருக்கான். பேட்டரி சும்மா பேக்கப்புக்கு. நல்ல வேல. நம்ம மாடியிலயும் ஒண்ணு போட்டுரணும். நீ வாரப்ப ரெண்டு வாங்கிட்டு வா."

நான் சொல்லிட்டேன். எந்த முன்னுரையும் இல்லாம. "அப்பா, நான் மாடிக்கு வரல. இங்கயே இருக்கப் போறேன்."

நான் மனசுல ஒத்திகை பாத்து வெச்சிருந்த வாக்கியம் எதுவுமே அது இல்ல. அப்பா நாற்காலியில இருந்து இறங்கினார். நாற்காலியை இருந்த இடத்துல சரியா வெச்சார். ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டு வெளிய போயிட்டார். கதவை அறையல. மெதுவா சாத்தினார். அறைஞ்சிருந்தா கூட பரவாயில்லன்னு இருந்துச்சு.

நான் செருப்பைத் தேடினேன். அம்மா, "விடு, போயிட்டு வரட்டும்"னாங்க. அடுப்பை அணைச்சாங்க. அப்புறம் எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டே பேசினாங்க. "எனக்குத் தெரியும்லா. டைல்ஸ் கேட்டப்ப நீ ஒரு விரலக் காட்டுனே. சின்னதுல உனக்கு ஒரு சைக்கிள் புடிச்சுதுன்னா ரெண்டு நாள் தூங்கவிட மாட்டே, அதைப் பத்தியே பேசுவே. நான் அன்னைக்கே அப்பாகிட்ட சொன்னேன், அவன் மனசு இங்க இல்லன்னு. சிமெண்ட் இறக்கியாச்சு, இனிமே என்ன செய்யனு சொல்லிட்டாங்க."

ஜன்னல் வழியாப் பாத்தேன். கீழ நடைபாதையில விளக்குக்கம்பம் விளக்குக்கம்பமா அப்பா நடந்து போறது தெரிஞ்சுது. முக்கால் மணி நேரம் கழிச்சு வந்தார். கை கழுவினார். சாப்பிட்டார். மீன் நல்லா இருக்குன்னார், அம்மாகிட்ட. என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல. நடுவுல சுவர் இல்லாத வீடுன்னு சொன்னேன்ல. நான் படுக்கிற சோஃபாவுக்கும் அவர் உக்காந்திருந்த மேசைக்கும் ஆறடி. போறதுக்கு வேற ரூம் இல்ல. ரெண்டு பேரும் அதே இருட்டுக் கடலைப் பாத்துட்டு இருந்தோம்.

ராக்கெட்

வியாழக்கிழமை நீடில்ஸ். பிளான்ல இருந்ததால போனோம். நியூபோர்ட்ல பஸ் மாறி, தீவோட மேற்கு முனை. கடலுக்குள்ள மூணு வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை, கடைசில 1859-ல கட்டின கலங்கரை விளக்கம். ஊசி மாதிரி மெலிசா இன்னொரு பாறை இருந்திருக்கு, அது 1764-ல புயல்ல விழுந்துச்சு. பேரு மட்டும் ஒட்டிக்கிச்சு. பக்கத்துல ஆலம் பே, மண்ணு பல நிறத்துல வரிவரியா இருக்கும். 1897-ல மார்க்கோனி வயர்லெஸ் நிலையம் வெச்சது அந்தக் கரையிலதான். ஒரு டெக் பாட்காஸ்ட்ல இதைச் சொல்லாம விடக்கூடாது.

ஆனா அப்பா நின்னது வேற இடத்துல. பாறைக்கு மேல ஏறினா ஹை டவுன்னு ஒரு இடம். அங்க பெரிய கான்கிரீட் மேடைகள். 1950கள்ல இருந்து 1971 வரைக்கும் பிரிட்டன் தன்னோட ராக்கெட் எஞ்சின்களைச் சோதிச்ச இடம். ராக்கெட்டைச் செஞ்சது இதே தீவுல, கிழக்கு கவுஸ்ல. இங்க எஞ்சினை ஓட்டிப் பாத்துட்டு ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல்ல அனுப்பி ஏவுவாங்க. 1971 அக்டோபர் 28-ஆம் தேதி பிளாக் ஆரோ ராக்கெட் பிராஸ்பரோங்கிற செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில வெச்சுது. ஆனா அதுக்கு மூணு மாசம் முன்னாடியே அரசாங்கம் திட்டத்தை ரத்து பண்ணிருச்சு. ஜெயிச்ச ராக்கெட்டுதான் கடைசி ராக்கெட்.

இதை நான் போர்டைப் பாத்துத் தமிழ்ல சொல்லச் சொல்ல அப்பா கேட்டுட்டு இருந்தார். காத்து அப்படி அடிக்குது. முந்தின ராத்திரிக்கு அப்புறம் அவர் என்கிட்ட பேசின முதல் வார்த்தை அங்கதான்.

"நம்ம குலசையில இப்பத்தான் கட்டுதான். இவன் கட்டி, ஓட்டிப் பாத்து, விட்டுட்டான்." குலசைன்னா குலசேகரப்பட்டினம், எங்க ஊருக்குப் பக்கத்துல இஸ்ரோ ரெண்டாவது ஏவுதளம் கட்டுற இடம். கொஞ்ச நேரம் கான்கிரீட்டைத் தடவிப் பாத்தார். "கட்டுனவனுக்கு எப்படி இருந்திருக்கும்?"

நான், "சொல்லாம இருந்தது என் தப்புப்பா"ன்னேன். முடிவு தப்புன்னு சொல்லல. அது தப்புன்னு நான் இன்னும் நினைக்கல. அவர் கட்டி முடிக்கிற வரைக்கும் வாயை மூடிட்டு இருந்தேன்ல, அது தப்பு.

அவர் தலையை ஆட்டினார். மன்னிச்சாரா, கேட்டுக்கிட்டேன்னு ஆட்டினாரான்னு எனக்கு இன்னும் தெரியல. அம்மா குளிருதுன்னாங்க. இறங்கினோம்.

காலை 10 மணிக்குள்ள

வெள்ளிக்கிழமை விடியக்காலம் எழுந்தா, அப்பா ஏற்கனவே ஜன்னல் பக்கம். சான்டவுன் கடற்கரை கிழக்கு தெற்கா பாக்கும், சூரியன் கடல்ல இருந்தே எழும்பும். "நம்ம ஊரு மாதிரியே இருக்கு, என்ன, கோயில் மணிதான் இல்ல"ன்னார். அம்மா அடுப்பை விளக்கினாங்க. நான் குப்பையைப் பிரிச்சுக் கட்டினேன். செல்ஃப் கேட்டரிங்ல இது முக்கியம், பாத்திரத்தைக் கழுவி இருந்த இடத்துல வெச்சுட்டுத்தான் கிளம்பணும். அப்பா அந்த ஃபைலை எடுத்து ஒவ்வொரு பக்கமா போன்ல போட்டோ எடுத்தார்.

"எதுக்குப்பா?"

"இந்த வீட்டுக்கு ஒரு ராத்திரிக்கு எவ்வளவு?"

சொன்னேன். ரூபாயில கணக்குப் போட்டார். புருவம் ஏறிச்சு. "சஷ்டிக்கு நம்ம ஊர்ல லாட்ஜ் கிடைக்காது. கைக்குழந்தையோட வருவான், கஞ்சி வைக்க அடுப்பு தேடி அலைவான். அடுக்களையோட வீடுன்னா குடும்பத்துக்கு நல்லதுதான்." ஃபைலை மூடினார். "ஆனா ஒரு ரூம குடுக்க மாட்டேன். இந்தா, இந்த அலமாரி மாதிரி. பூட்டி வெச்சுருவேன். நீ வந்தா தங்க."

சாவியைப் பெட்டியில போட்டு நம்பரைக் கலைச்சேன். மணி 9:50.

அவங்க ஊருக்குப் போய் இப்ப ரெண்டு மாசம் ஆச்சு. எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். மாடி இன்னும் காலியாத்தான் இருக்கு. போன்ல சில நாள் அப்பா சீக்கிரமே அம்மாகிட்ட குடுத்துடுறார். ஆனா போன ஞாயிறு கூப்பிட்டு, அந்த ஃபைலைத் தமிழ்ல டைப் பண்ணித் தரச் சொன்னார். கீசர் எப்படிப் போடணும், குப்பை எங்க, பக்கத்து டாக்டர் யாரு. பண்ணிட்டு இருக்கேன். கடல்புறா பக்கத்தை எடுத்துட்டேன். புகை அலாரம் ரெண்டு வாங்கியாச்சு, ஜனவரியில எடுத்துட்டுப் போறேன்.

நீங்க போறதா இருந்தா நாலு விஷயம். கார் இல்லாம போங்க. புளி எடுத்துட்டுப் போங்க. மீன் பொரிக்கிறதுக்கு முன்னாடி ஜன்னலைத் திறங்க. அப்புறம், வீட்ல சொல்ல வேண்டியது எதையாவது தம்ஸ்அப் போட்டுத் தள்ளி வெச்சிருந்தீங்கன்னா, சிமெண்ட் இறக்குறதுக்கு முன்னாடி சொல்லிடுங்க.

அடுத்த எபிசோட்ல பழையபடி கோடிங்தான்.